கையால் பிடித்த மீன் உருண்டை

வணக்கம் நேயர்களே. நம் உணவங்காடி நிலையங்களில் ஒரு கடைக்கு மட்டும் வரிசை நீண்டு தூணைச் சுற்றி வளைந்து போகும், பார்த்திருப்பீர்கள். அது மீன் உருண்டை நூடல்ஸ் கடை என்றால், மேசையில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்துவிட்டு நானும் அந்த வரிசையில் நிற்பேன்.

சீனர்களில் ஒரு பிரிவினரான தியோச்சூ மக்கள் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த உணவு இது. நம் முறை வந்ததும் கடைக்காரர் மளமளவென்று கேட்பார். தட்டையான மீ போக்கா, மெல்லிய மீ கியாவா? சூப்பா, டிரையா? மிளகாய் போடலாமா? என் பதில் என்றைக்கும் மீ போக், டிரை, மிளகாயோடு. டிரை என்றால் நூடல்ஸை மிளகாய்ச் சாந்து, வினிகர் எல்லாம் விட்டுக் கிளறித் தருவார்கள். உருண்டைகள் தனிக் கிண்ணத்தில், தெளிந்த சூப்பில் மிதக்கும். சூப்பிலேயே நூடல்ஸ் கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் காரம் ஒட்டாமல் தனியாக வரும் உருண்டையில்தான் மீனின் ருசி முழுதாகத் தெரியும். கையால் செய்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதும் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

கையால் செய்வதைத் தோ பாயோவில் ஓர் அங்கிள் எனக்குக் காட்டினார். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். எடுத்தது முள்ளுவாளை. குழம்பு வைத்தால் முள் எடுத்தே நாம் ஓய்ந்துபோகும் மீன். அதன் சதையைக் கரண்டியால் மெதுவாகச் சுரண்டினார், முள்ளெல்லாம் பின்தங்கிவிட்டது. அப்புறம் உப்புநீர். அப்புறம் அடி! சதையை அள்ளிப் பாத்திரத்தில் அறைகிறார், அள்ளுகிறார், மறுபடி அறைகிறார். “மாவு எப்போது சேர்ப்பீர்கள்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையைக் கழுவி வரச் சொல்லி, அந்த விழுதைத் தொட்டுப் பார்க்க வைத்தார். ஐஸ்போல் குளிர்ந்திருந்தது, விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதில் மாவே இல்லை.

உப்பு, மீன் சதையிலுள்ள புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. அடிக்க அடிக்க அது பசையாகிறது, வெந்நீரில் வேகும்போது ஒன்றோடொன்று பின்னி இறுகுகிறது. அடிக்கும்போதே சூடேறினால் அந்தப் பிடிப்பு போய்விடும், அதனால்தான் அந்தக் குளிர்ச்சி. திரும்பவும் சொல்கிறேன் நேயர்களே, பல்லில் படும் அந்தத் துள்ளல் மாவு தந்ததில்லை, கை தந்தது. அங்கிள் முஷ்டியை இறுக்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுங்கியதைக் கரண்டியால் வழித்துத் தண்ணீரில் விட்டார். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. கடையில் அப்படிக் கோணல்மாணலாக வந்தால் சந்தோஷப்படுங்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். விலையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நம் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் இத்தனை கைவேலைக்கு நான்கைந்து வெள்ளி கொடுக்கும்போது, ஐம்பது காசு ஏற்றிவிட்டார்களே என்று அலுத்துக்கொள்கிறோம். கொடுங்கள், தகும்.

இன்னொன்று. பல கடைகளில் பன்றிக்கொழுப்பும் பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள். சாப்பிடாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஹலால் கடைகளும் இருக்கின்றன. சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.