ஜனவரிப் பையனும் டிசம்பர்ப் பையனும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக விசில் ஊதியவன் நான். விளையாட்டில் திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் கண்டுபிடிக்காமல் விட்ட ஒருவனிடமிருந்து தொடங்குகிறேன்.

குறுவட்டப் போட்டிக்கு 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 100 மீட்டர் ஓட ஆள் எடுத்தேன். சுண்ணாம்புக் கோட்டில் கடைசியாக இரண்டு பேர் நின்றார்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது. மற்றவன் அவன் தோளுக்குக்கூட எட்டவில்லை. நழுவும் டவுசரை அரைஞாண் கயிற்றில் செருகியிருந்தான். மீசைக்காரன் இரண்டடி முந்தினான். அவன் பெயரை எழுதிக்கொண்டேன். அவன் பிறந்தது ஜனவரியில், இவன் அதே ஆண்டு டிசம்பரில். பதினொரு மாத வளர்ச்சி குறைந்தவன் இரண்டடிதான் பின்தங்கினான் என்ற கணக்கு அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களில் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தார். ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களே மிகுதி. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. சிறு வயதில் சற்றுப் பெரிய பையன் தேர்வாகிறான். நல்ல பயிற்சியாளரும் கூடுதல் ஆட்டங்களும் அவனுக்கே கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அவன் உண்மையாகவே கெட்டிக்காரனாகிவிடுகிறான். தேர்வாளரும் தம் கணிப்பு பலித்ததாக நம்பிக்கொள்கிறார்.

நம் ஊரில் பிறந்த தேதியே தனிக் கதை. பள்ளியில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர் தோதாக ஒரு தேதி போட்டுவிட, ஜூன் 1-இல் பிறந்தவர்களாகவே ஆகிவிட்டவர்கள் என் தலைமுறையில் ஏராளம். வயதை உறுதிசெய்ய, 16 வயதுக்குட்பட்ட கிரிக்கெட்டில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்ப்பது சும்மா இல்லை.

பையன்கள் பதினான்கு வயதையொட்டியும், பெண் பிள்ளைகள் பன்னிரண்டையொட்டியும் மளமளவென்று வளர்கிறார்கள். அந்தச் சமயத்தில் கால் நீண்டுவிடும், உடல் அதற்குப் பழகியிருக்காது. நேற்றுவரை அழகாகத் தாண்டிய பெண் இன்று தடுமாறுவாள், முழங்கால் வலிக்கிறது என்பாள். சோம்பல் என்று அவளை அணியிலிருந்து நீக்கிவிடுகிறோம். அப்போது பயிற்சிப் பளுவைக் குறைத்து, ஆறு மாதம் பொறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பிற்பாடு விளையாட்டு அறைச் சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் குறித்துவந்தேன். முதலில் வந்தவன் யார் என்பதைவிட, போன முறைக்கு இந்த முறை யார் எவ்வளவு முன்னேறினார் என்று பார்த்தேன். சொல்லிக்கொடுத்ததை இரண்டாம் தடவையே பிடித்துக்கொள்கிறவர்களைத் தனியாகக் குறித்தேன். செலவு ஒரு பென்சில்தான்.

அந்த டிசம்பர்ப் பையன் பத்தாம் வகுப்பில் என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றான். "ஓட வருகிறாயா?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் டியூஷன் இருக்கிறது சார்" என்றான்.