உறைந்த தடுப்பூசி கெட்ட தடுப்பூசி

நேயர்களுக்கு வணக்கம். ஒரு ஊருக்குச் சுகாதார நிலையம் வேண்டும் என்றால் கட்டடம், டாக்டர், ஆம்புலன்ஸ் என்றுதான் கேட்போம். அந்தக் கட்டடத்தின் மூலையில் நிற்கும், தடுப்பூசி வைக்கும் ஒரு குளிர்பெட்டியை யாரும் கேட்பதில்லை. ஐ.எல்.ஆர். என்பார்கள், அதாவது ஐஸ் லைன்ட் ரெஃப்ரிஜரேட்டர். உட்சுவரைச் சுற்றித் தண்ணீர் அடைத்திருக்கும். அது ஐஸாக உறைந்து, கரண்ட் போன நேரத்திலும் குளிரைப் பிடித்து வைக்கும். நாளுக்கு 8 மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் கிடைத்தாலே தாக்குப்பிடிக்கும். தடுப்பூசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்.

வெப்பம் பட்டால் மருந்து கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். குளிர் கூடினாலும் கெடும் என்பதுதான் பலருக்கும் பிடிபடுவதில்லை. ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், டெட்டனஸுக்கான டி.டி. ஆகிய தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்தால் அந்தத் துகள்கள் திரண்டுவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. குப்பியின் மேலுள்ள, நிறம் மாறும் வி.வி.எம். அடையாளம் சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. பெட்டியின் அடிப்பகுதிதான் அதிகக் குளிர் என்பதால், இவற்றை மேலே கூடையில் வைக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே கட்டியாக உறையவைத்து, உருகவிட்டு, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரை மணி நேரத்துக்குள், உறைந்த குப்பியில் வண்டல் அடியில் படிந்துவிடும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் படிந்தால், அந்த மருந்தைப் போடக் கூடாது.

மருந்தை உறையவிடும் இந்தத் தவறு பெரும்பாலும் நடப்பது முகாம் நாள் காலையில், அவசரத்தில். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே, தடுப்பூசியை எடுத்துச்செல்லும் கேரியர் பெட்டிக்குள் சொருகிவிடுகிறார்கள். ஒட்டி இருக்கும் குப்பி உறைந்துவிடும். ஐஸ் பேக்கை மேசையில் பரப்பி, மேலே வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு நாலு பக்கமும் நாலு பேக். ஐஸ் பேக்கில் உப்புத் தண்ணீர் நிரப்பினால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். குழாய்த் தண்ணீரே போதும்.

தட்டம்மை, காசநோய்க்கான பி.சி.ஜி. மருந்துகள் வேறு வகை. தூளாக வரும், அதற்கென்றே கொடுத்த திரவத்தில் கரைக்க வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதுங்கள். நாலு மணி நேரத்தில் மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். காரணம் அதில் கிருமி வளரும். 2017இல் தெற்கு சூடானின் கப்போயெட்டா பகுதித் தட்டம்மை முகாமில் 15 குழந்தைகள் இறந்தார்கள். கரைக்க ஒரே சிரிஞ்சை நான்கு நாளும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மருந்தைக் குளிர்வசதி இல்லாத கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். பயிற்சி இல்லாதவர்கள் ஊசி போட்டிருக்கிறார்கள். மருந்தில் குற்றமில்லை.

வெப்பநிலைப் பதிவேட்டில் காலை, மாலை இரு வேளையும் எழுத வேண்டும், ஞாயிறு உட்பட. மாதம் முழுக்க 4, 4 என்று ஒரே மையில் நிறைந்திருந்தால், தெர்மாமீட்டரை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மின்கம்பி போகாத ஊர்களில் முன்பு பேட்டரி வைத்த சோலார் பெட்டி தந்தார்கள்; சில வருடத்தில் பேட்டரி செத்துவிடும், மாற்றித்தர ஆளிருக்காது. இப்போது பேனலிலிருந்து மின்சாரம் நேராக கம்ப்ரசருக்குப் போய், பகலில் உறையும் ஐஸே இரவைத் தாங்குகிறது. ஆனால் பேனலில் தூசி படிந்தாலும், மரக்கிளை நிழல் விழுந்தாலும் ஐஸ் பிடிக்காது. துடைப்பதும் கிளை கழிப்பதும் இன்னார் வேலை என்று பெட்டியை இறக்கும் அன்றே பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும்.