25 மீட்டர் பிஸ்டலைப் போட்டிக்குத் தயார் செய்வது: கிரிப் முதலில், ட்ரிகர் பிறகு

[காட்சி: மேசை மீது .22 ஸ்போர்ட் பிஸ்டல். போல்ட் பின்னால் இழுத்த நிலை. மேகஸின் தனியாக. சேம்பருக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு.]

வணக்கம். புதிய ஸ்போர்ட் பிஸ்டல் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது ட்ரிகர் ஸ்க்ரூவைத்தான். ட்ரிகர் இன்னும் கொஞ்சம் லேசாகிவிட்டால் குண்டு பத்தில், அதாவது டார்கெட்டின் நடு வளையத்தில், விழும் என்ற நம்பிக்கை. ஆனால் பிஸ்டல் கையில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காராத வரை ட்ரிகரில் என்ன செய்தாலும் பலன் தெரியாது. அதனால் இந்த வீடியோவில் கிரிப், அடுத்து சைட், அதன் பிறகு ட்ரிகர், கடைசியில் தோட்டா என்ற வரிசையில் போகிறோம்.

தொடங்கும் முன் ஒரு வேலை. மேகஸினைக் கழற்றுங்கள். போல்ட்டை இழுங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணால் பாருங்கள். பாதுகாப்புக் கயிற்றைப் பேரலுக்குள் விடுங்கள். வேலை நடக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. இன்னொன்று: இந்தியாவில் இது 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் உரிமத் துப்பாக்கி. தொழிற்சாலை கொடுத்த ஸ்க்ரூவைத் திருப்புவதும் மரக் கிரிப்பைச் செதுக்குவதும் உங்கள் வேலை. உள்ளே இருக்கும் ஹேமரையோ (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்), அதைப் பிடித்து நிறுத்தும் சியரையோ அரம் போட்டுத் தேய்ப்பது உரிமம் பெற்ற ஆர்மரரின் (துப்பாக்கி பழுது பார்ப்பவரின்) வேலை.

[காட்சி: அளவுப் பெட்டிக்குள் பிஸ்டல் இறங்குகிறது.]

முதலில் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதி எந்த எல்லைக்குள் நிற்கச் சொல்கிறது என்று பார்ப்போம். 25 மீட்டர் பிஸ்டலின் எடை, எல்லா இணைப்புகளோடும் காலி மேகஸினோடும் சேர்த்து, 1400 கிராமைத் தாண்டக் கூடாது. பேரல் நீளம் 153 மில்லிமீட்டருக்குள். ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் (முன்னும் பின்னும் உள்ள குறிபார்க்கும் பாகங்கள்) இடைவெளி 220 மில்லிமீட்டருக்குள். மொத்த உருவமும் 300-க்கு 150-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ட்ரிகர் எடை குறைந்தது 1000 கிராம். திறந்த சைட் மட்டும்தான், லென்ஸ் எதுவும் கூடாது. மஸில் பிரேக்கும் (உதைப்பைக் குறைக்கப் பேரல் முனையில் மாட்டும் அமைப்பு) துளையிட்ட பேரலும் கூடாது. கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது.

[காட்சி: கை, கிரிப், நெருக்கமாக.]

இனி கிரிப். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளலாம், இதற்கு அது தகும்.

சின்னது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளில் வால்நட் மரத்தில் கிரிப் வரும். கையின் அளவுக்குக் கொஞ்சம் பெரியதாக இருந்தால் நல்லது. மரத்தைச் செதுக்கிக் குறைப்பது சுலபம், சேர்ப்பதுதான் பாடு.

சோதனை இப்படி. காலி பிஸ்டலைப் பிடித்து, டார்கெட்டைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடுங்கள். கையை உயர்த்தி, வசதியான இடத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஃப்ரண்ட் சைட் ரியர் சைட் பள்ளத்தின் நடுவில் இருக்கிறதா? மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் எங்கே நின்றது என்று எழுதுங்கள். டார்கெட்டில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். அது கால் வைக்கும் கோணத்தால் சரியாகும். சைட்டுக்குள் சைட் எங்கே நிற்கிறது என்பதுதான் கிரிப் சொல்லும் சேதி.

வலக்கைக்காரருக்கு ஃப்ரண்ட் சைட் எப்போதும் பள்ளத்தின் வலப்பக்கம் ஒதுங்கினால், பேரல் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கிரிப்பின் வலப்பக்கத்தில், விரல்களின் அடிப்பகுதி தொடும் இடத்தில் மெல்லிய பூச்சு சேர்த்தால் பேரல் இடப்பக்கம் வரும். இடப்பக்கம் ஒதுங்கினால் அதே இடத்தில் குறைக்க வேண்டும். ஃப்ரண்ட் சைட் உயர்ந்து நின்றால் கிரிப்பின் பின்புறக் கீழ்ப்பகுதியில், உள்ளங்கையின் அடி மேடு தொடும் இடத்தில், குறையுங்கள். தாழ்ந்து நின்றால் அங்கேயே சேருங்கள். கிரிப் சாய்வை ஸ்க்ரூவால் மாற்றும் வசதி உள்ள மாடல் என்றால் மேல்-கீழ் பிரச்சினையை முதலில் அதில் தீருங்கள், அரத்தைப் பிறகு எடுக்கலாம்.

[காட்சி: இரண்டு நிற எபாக்ஸி பிசைந்து ஒரே நிறமாகிறது. கிரிப்பின் மீது ஒட்டுகிறார்கள்.]

சேர்ப்பதற்குத் தனியாக மரப் பசை தேடி அலைய வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் போன்ற எபாக்ஸியே போதும். ஒட்டப்போகும் இடத்தின் பாலிஷை முதலில் 80 எண் உப்புத்தாளால் சுரண்டி எடுங்கள். வழுவழுப்பான மரத்தில் ஒட்டினால் இரண்டு மாதத்தில் பெயர்ந்து வரும். எபாக்ஸியை இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு வையுங்கள். உள்ளங்கையில் லேசாகத் தண்ணீர் தடவிக்கொண்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே போட்டு, சுடும்போது பிடிப்பது போலவே பிடித்து அச்சு எடுங்கள். இறுக்கிப் பிடித்து அச்சு எடுத்தால் கை தளர்ந்திருக்கும்போது அந்த வடிவம் பொருந்தாது. ஒரு நாள் முழுக்க காய விடுங்கள். பிறகு 120, 240 எண் தாள்களால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். பத்து உரசலுக்கு ஒரு முறை கண்ணை மூடிச் சோதனை செய்யுங்கள். ஒரே மாலையில் முடிக்கும் வேலை இல்லை இது.

இன்னும் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ட்ரிகர் விரல். மரத்துக்கும் விரலுக்கும் நடுவே ஒரு தபால் அட்டை தடையில்லாமல் நுழைந்து வெளியே வர வேண்டும். விரல் மரத்தில் உரசினால், அழுத்தும்போது விரலோடு மொத்த பிஸ்டலும் நகரும். குண்டு பக்கவாட்டில் விலகுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம். ஆனால் பழியை ட்ரிகர் சுமக்கிறது. இரண்டாவது, கட்டைவிரல். அது ஓய்வாகக் கிடக்க வேண்டும், அழுத்தக் கூடாது. மூன்றாவது, உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் தாங்கிப் பலகை. கை அதன்மீது மெல்லத் தொட்டு நின்றால் போதும். நெருக்கி இறுக்கினால் இருபது நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், நடுக்கம் கூடும். அந்தப் பலகை மேல்நோக்கி வளைந்திருந்தால் கருவிச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

[காட்சி: ரியர் சைட், ஸ்க்ரூ ஒரு கிளிக் திரும்புகிறது.]

சைட்டுக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். சைட் இடைவெளி 220 மில்லிமீட்டர், டார்கெட் 25 மீட்டர். 25,000-ஐ 220-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 114. ஃப்ரண்ட் சைட் பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டர் தவறி நின்றால், டார்கெட்டில் குண்டு 57 மில்லிமீட்டர் விலகும். நிதானமாகச் சுடும் ப்ரிசிஷன் சுற்றின் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஆகவே எட்டில் போய் விழும். அதே கை, சைட்டைச் சரியாக வைத்துக்கொண்டே மொத்தமாக அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் அரை மில்லிமீட்டர்தான் நகரும். கை ஆடுவது அவ்வளவு பாதிக்காது. சைட் கோணம் பிசகுவதுதான் புள்ளியைத் தின்கிறது. கிரிப்பை முதலில் வைத்ததன் காரணமும் இதுதான்.

பள்ளத்தில் ஃப்ரண்ட் சைட்டின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்றுகள் போதுமான அளவு அகலமாக இருக்க வேண்டும். மிகக் குறுகலாக வைத்தால் நின்று ப்ரிசிஷன் சுடும்போது அழகாகத் தெரியும். ரேபிட் சுற்றில் டார்கெட் தோன்றி 3 விநாடிதான் இருக்கும், அடுத்து 7 விநாடி மறையும். அந்த 3 விநாடிக்குள் கையை 45 பாகையிலிருந்து உயர்த்தி, சைட்டைக் கண்டுபிடித்து, சுட வேண்டும். குறுகிய கீற்று அங்கே காணாமல் போகும். ஒரே பிஸ்டலில் 30 குண்டு ப்ரிசிஷன், 30 குண்டு ரேபிட் என்பதால் கொஞ்சம் அகலமாகவே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ரியர் சைட் கிளிக் ஒன்றுக்கு டார்கெட்டில் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதை நீங்களே ரேஞ்சில் அளந்து வையுங்கள். பத்து கிளிக் திருப்பி, ஐந்து ஐந்தாக இரண்டு குழுக்கள் சுட்டால் கிடைத்துவிடும்.

[காட்சி: பேரல் செங்குத்தாக. ட்ரிகரில் 1000 கிராம் எடைக்கல் தொங்குகிறது. மேசையிலிருந்து மெல்ல எழும்புகிறது.]

இப்போது ட்ரிகர். ஸ்பிரிங் தராசை நம்ப வேண்டாம், எடைக்கல்தான் சரி. பிஸ்டலைக் காக் செய்து (ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தி), பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, எடைக்கல்லின் கொக்கியை ட்ரிகரின் நடுவில் மாட்டுங்கள். கல் மேசையில் இருக்கட்டும். மெல்ல உயர்த்துங்கள். கல் மேசையை விட்டு எழும்பியும் ஹேமர் விழாமல் இருந்தால் தேறியது. வெடுக்கென்று தூக்கினால் சரியாக வைத்த ட்ரிகரும் விழும். வீட்டில் 1030 முதல் 1050 கிராம் வரை வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 1000-ல் வைத்தால், அழுக்கோ தேய்மானமோ எண்ணெயோ கொஞ்சம் மாறினாலும் போட்டி நாளில் தேறாது. சோதனைக்கு மூன்று முயற்சிதான் உண்டு.

இந்த எடையை இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும். முதல் கட்டம் 750 கிராம், இரண்டாவது 280 கிராம் அளவில் தொடங்குங்கள். ரேபிட்டில் கை உயரும்போதே முதல் கட்டத்தை எடுத்துவிடலாம், சைட் வந்ததும் மீதி சின்ன அழுத்தம். இரண்டாம் கட்டத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் அந்தச் சுவரை விரல் உணராது, கை உயரும் வழியிலேயே குண்டு போய்விடும். கூட்டினால் கடைசி நொடியில் விரல் இடிக்கும், குண்டு கீழே இறங்கும்.

சியர் பிடிமானத்தில் தயவுசெய்து ஆசைப்பட வேண்டாம். ட்ரிகர் கண்ணாடி உடைவது போல விழ வேண்டும் என்று ஸ்க்ரூவை உள்ளே திருப்பிக்கொண்டே போனால், ஹேமர் தொங்கும் விளிம்பு முடியளவு ஆகிவிடும். பிறகு போல்ட் அடித்து மூடும் அதிர்ச்சியிலேயே ஹேமர் நழுவும். ஒரே அழுத்தத்தில் இரண்டு குண்டு போகும். அது பயங்கரமான ஆபத்து. அதனால் ட்ரிகரில் எதைத் திருப்பினாலும், ரேஞ்சில் பேரல் டார்கெட்டை நோக்கியிருக்க, முதலில் ஒரு தோட்டா மட்டும் ஏற்றிச் சுடுங்கள். பிறகு இரண்டு. சில முறை ஒழுங்காக ஓடிய பிறகுதான் ஐந்து. ஒரே ஒரு முறை இரட்டையாகச் சுட்டாலும் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், ஆர்மரரிடம் கொடுங்கள்.

ட்ரிகர் ஸ்டாப் ஸ்க்ரூ: ஹேமர் விழாத வரை உள்ளே திருப்பி, மெல்ல வெளியே எடுத்து, விழத் தொடங்கிய இடத்திலிருந்து இன்னும் கால் சுற்று வெளியே விடுங்கள். அந்தக் கால் சுற்று வெடிமருந்துத் தூசிக்கான இடம். எல்லா ஸ்க்ரூவின் தலையிலும் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டால், தானாகத் திரும்பியிருந்தால் கண்ணில் படும்.

காலியாகச் சுடும் பயிற்சிக்கு அதற்கான அமைப்பு இல்லாமல் ட்ரிகரை இழுக்காதீர்கள். விளிம்பில் அடித்தால் வெடிக்கும் ரிம்ஃபயர் வகையில் ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பைத்தான் அடிக்கும். விளிம்பு நசுங்கினால் தோட்டா உள்ளே போகாது, வெளியேயும் வராது.

[காட்சி: தோட்டாப் பெட்டிகள். லாட் எண் நெருக்கமாக.]

தோட்டா. ஸ்டாண்டர்டு வெலாசிட்டி போதும். ஹை வெலாசிட்டி வேண்டாம், உதைப்பு கூடும், போல்ட் அடி வாங்கும். ஒரே கம்பெனியின் ஒரே பெயரில் வந்தாலும் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறினால் பேரலின் குணம் மாறும். தாங்கியில் வைத்து ஒவ்வொரு லாட்டிலும் பத்து பத்தாக மூன்று குழு சுடுங்கள். ஒரு குழுவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக ஓடும் லாட் கிடைத்தால், அந்த எண்ணிலேயே சீசனுக்கு வேண்டியதை வாங்கி வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைக்காதீர்கள். குண்டின் மேலுள்ள மெழுகு இளகி ஒழுகிவிடும்.

மேகஸின்களுக்கு எண் போடுங்கள். தோட்டா சிக்கினால் எந்த எண்ணில் சிக்கியது என்று குறியுங்கள். பாதி சிக்கல்கள் ஒரே மேகஸினின் உதட்டில்தான் இருக்கும். ஏற்றும்போது மேல் தோட்டாவின் ரிம், கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கி மாட்டிக்கொள்ளும்.

காலிக்கூடு வெளியே போகாமல் போல்ட்டில் மாட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படும் முன் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியைக் குத்திப் பாருங்கள். கறுப்பு மெழுகு ஒரு பந்தாக வெளியே வரும். சேம்பர் வாயிலும் அதே மெழுகு வளையமாகப் படிந்திருக்கும். எண்ணெயை ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள், அதுவே தூசியைப் பிடித்துக்கொள்ளும். பேரலில் கூடுதல் எடை மாட்டுவது பற்றி ஒரே வார்த்தை: ப்ரிசிஷனுக்கு நல்லது, ரேபிட்டில் கை உயர்வதைத் தாமதப்படுத்தும். 50 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம்.

[காட்சி: துணி விரிப்பில் பாகங்கள், ஆலன் சாவிகள், குறிப்பேடு.]

கருவி எந்த நிலையிலும் கைவிடலாம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. நேரம் போனது. 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தில் முடித்தார். 2024-இல் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்று திரும்பினார். போட்டிக்கு முந்தின வாரம் கிரிப் ஸ்க்ரூ, சைட் ஸ்க்ரூ, ட்ரிகர் எடை மூன்றையும் பாருங்கள். அந்த வாரத்தில் புதிதாக எதையும் மாற்றாதீர்கள். உதிரி ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங், ஆலன் சாவிகளைப் பையிலேயே வையுங்கள்.

போட்டியின் நடுவே குண்டு போகாவிட்டால், பேரல் டார்கெட்டை நோக்கியே இருக்க, மற்றக் கையை உயர்த்தி ரேஞ்ச் ஆபீசரை அழையுங்கள். போல்ட்டைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் அது உங்கள் தவறாகக் கணக்காகும், சுடாத குண்டுகள் பூஜ்ஜியம்.

[காட்சி: குறிப்பேட்டின் ஒரு பக்கம். தேதி, லாட் எண், ரியர் சைட் கிளிக், ட்ரிகர் எடை.]