பாதம் மட்டும் தனியாக

(கோத்தகிரியில் பெற்றோர், அங்கன்வாடி ஊழியர்களிடையே பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியது)

வணக்கம். இந்தச் சாரலில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடேறி வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெருமூளை வாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை, உள்ள பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்கள் முதலில் சொல்வது, "கால் விறைப்பா இருக்குங்க" என்பதுதான். நானும் பல வருஷம் அந்த விறைப்பை மட்டுமே பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு சிறுமி வருவாள். என் கையால் அவள் பாதத்தை மேலே தள்ளினால் தாராளமாக வரும். கணுக்கால் நன்றாக இருக்கிறது என்றே எழுதி வைத்தேன். அவளோ லயத்துக்கு இறங்கும் சரிவில் விழுந்துகொண்டே இருந்தாள். ஒருநாள், "முட்டியை மடக்காம பாதத்தை மட்டும் தூக்கு, பாப்பா" என்றேன். முட்டியும் இடுப்பும் சேர்ந்து மடங்கின. பாதம் தனியாக வரவே இல்லை. அதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

காலை அசைக்கச் சொல்லும் நரம்பிழைகள், மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகளை ஒட்டியே இறங்குகின்றன. குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் அந்த இடம்தான். கட்டளை தெளிவாகப் போகாதபோது கால் முழுவதும் ஒரே கொத்தாக மடங்குகிறது, ஒரே கொத்தாக நீள்கிறது. நடையில் காலை முன்னே வைக்கும்போது இடுப்பு மடங்கியிருக்க, முட்டி நீள வேண்டும். கொத்தாக அசையும் காலுக்கு அதுதான் முடியாத காரியம். நம் மலைச்சரிவில் அந்தக் கஷ்டம் இன்னும் கூடுகிறது.

இதை அளக்க 'ஸ்கேல்' என்ற சோதனை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் எய்லீன் ஃபவுலர் குழுவினர் 2009இல் வெளியிட்டது. இடுப்பு, முட்டி, கணுக்கால், பாதத்தின் உள்-வெளித் திருப்பம், விரல்கள் என்று ஒரு காலுக்கு ஐந்து இடங்கள். ஒவ்வொன்றையும் முதலில் நாங்கள் கையால் அசைத்து எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். பிறகு மூன்று எண்ணுகிற வேகத்தில் பிள்ளையே முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். தனியாக, சரியாக வந்தால் 2. மெதுவாக வந்தாலோ, பாதிகூட வராவிட்டாலோ, முன்னும் பின்னும் இல்லாமல் ஒரு திசையில் மட்டும் வந்தாலோ, வேறு மூட்டோ அடுத்த காலோ கூடவே அசைந்தாலோ 1. வராவிட்டால், அல்லது கொத்தாக மட்டுமே வந்தால் 0. ஒரு காலுக்கு மொத்தம் 10. கால் மணி நேரம் போதும், கருவி எதுவும் வேண்டாம். பொதுவாகக் கீழே போகப்போக மதிப்பெண் குறையும். இடுப்பைவிடக் கணுக்காலும் விரல்களும் மோசமாக இருக்கும்.

ஊசி போட்டோ அறுவைசிகிச்சை செய்தோ விறைப்பைக் குறைக்கலாம். அதனால் மட்டும் தனியாக அசைக்கும் திறன் வந்துவிடாது. அறுவைசிகிச்சைக்கு முன்னால் இந்த மதிப்பெண்ணைக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

குளிரில் தசை இறுகும். அதனால் கம்பளியைப் போர்த்தி மடியிலேயே வைத்திருங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் பிள்ளையின் சாக்ஸை மட்டும் கழற்றுங்கள். ஒவ்வொருவராக வந்து பார்க்கிறேன்.