ஒரு சாண் பட்டை, ஒரு நகவெட்டி, ஐம்பது நிமிடம்

வணக்கம் மக்களே. பைக் பயணம் முடிந்த மறுநாளே வீடியோ போட்டுவிடுவேன், இந்தத் தடவை நான்கு நாள் ஆகிவிட்டது. கோபம் தணியவில்லை. யார் மேல்? என் மேல்தான். இதோ கையில் இருப்பது தெரிகிறதா? இன்னும் கிட்டே காட்டுகிறேன். கிரீஸ் அப்பி, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி. பின்சீட்டில் பையைக் கட்டுகிற நைலான் பட்டையின் வால். ஒரு சாண்கூட இருக்காது. லாரி, வளைவு, மழை எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. இதுதான் கவிழ்க்கப் பார்த்தது.

மூன்றாம் நாள், பொழுது சாயப்போகிற நேரம். வண்டியை நிறுத்தவே பிடிக்காத ஆள் நான், உங்களுக்குத் தெரியும். நிற்காமல் நான்கு மணி நேரம் ஓட்டியதைப் பெருமையாக ஒரு வீடியோவே போட்டேனே, அதே புத்தி. பெட்ரோல் போட நின்றேன், பையைத் திறந்து மழைக்கோட்டை எடுத்தேன், பட்டையை இழுத்து மாட்டினேன். மிச்ச வாலைச் செருகவில்லை. செருகியதாகத்தான் இன்னமும் எனக்கு ஞாபகம்! களைத்த மூளை அப்படித்தான், செய்யாததைச் செய்ததாகச் சொல்லும்.

கிளம்பி இருபது கிலோமீட்டர் வேகம்கூட வந்திருக்காது. கடக்கென்று ஒரு சத்தம், பின்சக்கரத்தை யாரோ பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. கிளட்சைப் பிடித்தேன், காலை ஊன்றினேன், நின்றது. இறங்கிப் பார்த்தால் வால் செயினுக்கும், அது சுற்றி ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே போய் இரண்டு சுற்று இறுகிக் கிடக்கிறது.

சரி, இங்கே ஒன்று. போன வீடியோவின் கீழே ஒருவர் "ஏபிஎஸ் இருக்கே, அப்புறம் என்ன பயம்" என்று எழுதியிருந்தார். ஏபிஎஸ் செய்வது ஒரே வேலை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளப் போனால், பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கும். சக்கரத்தைப் பூட்டுவது பிரேக்காக இல்லாமல் பட்டையாக இருந்தால் அது எதைத் தளர்த்தும்? 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம். அந்த வேகத்தில் இது நடந்திருந்தால்... வேண்டாம், நான்கு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன்.

இப்போது நகவெட்டி. சிரிக்காதீர்கள். கத்தி இருக்கிற டூல் பை அந்தப் பெரிய பைக்கு அடியில், அதை எடுக்க எல்லாப் பட்டையையும் அவிழ்க்க வேண்டும், சிக்கிய பட்டையோ அவிழவே மாட்டேன் என்கிறது. ஜாக்கெட் பாக்கெட்டில் இருந்தது நகவெட்டி மட்டும். நைலானை நகவெட்டியால் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நூல் நூலாக வரும். ஒரு நூல், இன்னொரு நூல். வண்டியைக் கொஞ்சம் பின்னால் உருட்டுவேன், ஒரு விரல்கடை தளரும், மறுபடி வெட்டுவேன். ஐம்பது நிமிடம்! கடைசி நூல் அறுந்ததும் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன். காலி ரோட்டை மணிக்கணக்காகப் படம் பிடித்த கேமரா அப்போது அணைந்து கிடந்தது, அது வேறு வயிற்றெரிச்சல்.

சொல்ல மறந்துவிட்டேன், இது முக்கியம். செயின் பக்கம் கை வைக்கும் முன் எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிவிட்டேன். எஞ்சின் ஓட, கியரில் சக்கரத்தைச் சுழலவிட்டுச் செயின் துடைக்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே துணி போனால் விரலும் கூடவே போகும்.

பையும் இடம் நகர்ந்திருந்தது, ஏன் என்றும் பார்த்தேன். இரண்டே இடத்தில் கட்டியிருந்தேன், அதிலும் ஒன்று கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு. எனக்கு இனி அந்தக் கயிறே ஆகாது. குலுங்கக் குலுங்க நீளும், கொக்கி தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. இப்போது நீளாத பட்டை, நான்கு மூலையிலும் கட்டு, வாலைச் சுருட்டி ரப்பர் பேண்ட். கனமானதெல்லாம் அடியில், வண்டியின் நடுப்பக்கமாக. மேலே, பின்னால் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

டயர் காற்று பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே பாருங்கள், ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். சுமை ஏற்றினால் எவ்வளவு என்று வண்டிக் கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும். ஹெல்மெட் பற்றிப் போன மாதமே கத்தித் தீர்த்துவிட்டேன், திரும்பவும் கத்தவில்லை.

அப்புறம், நிற்காமல் ஓட்டிய அந்த வீடியோ. நேற்று எடுத்துவிட்டேன். இப்போது மணிக்கு ஒருமுறை நிற்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்துப் பார்க்கிறேன். கண்ணால் பார்ப்பது போதாது, அன்றைக்கும் கண்ணால் பார்த்தேன்.

கத்தி இப்போது டேங்க் பையில், மேல் ஜிப்பிலேயே. நகவெட்டியின் வாய் மழுங்கிவிட்டது, இனி நகத்தைக்கூட வெட்டாது. ஆனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லை, சாவிக்கொத்தில் மாட்டிவிட்டேன். இதோ.