பினோக்கியோவைத் தூக்குல தொங்கவிட்டுக் கதையை முடிச்சாங்க! டிஸ்னி காட்டாத பினோக்கியோ

வணக்கம் மக்களே! ஜெப்பெட்டோங்கிற ஏழை மரவேலைக்காரர் செதுக்கி மகனா வளர்க்கிற மரப்பொம்மைப் பையன் பினோக்கியோ செத்துப்போறான். நிஜமாத்தான் சொல்றேன். நரியும் பூனையும் கொள்ளைக்காரங்க வேஷத்துல துரத்திட்டு வந்து, பெரிய ஓக் மரத்துல அவனைத் தூக்குல மாட்டிடுதுங்க. காத்துல ஆடி ஆடி மூச்சு முட்டி, "அப்பா, நீங்க மட்டும் இங்க இருந்திருந்தா..."ன்னு முனகி, வாயைப் பிளந்து, காலை நீட்டி, ஒரு உதறு உதறி விறைச்சுப் போறான். 1881 அக்டோபர்ல, இத்தாலியில ஒரு சிறுவர் பத்திரிகையில, தொடர்கதை இப்படித்தான் முடிஞ்சது. குழந்தைங்க கதைங்க இது!

[திரையில்: 1883 பதிப்புக்கு என்ரிகோ மஸ்ஸாந்தி வரைந்த படங்கள்]

வரலாறை வேகமா முடிச்சிடுவோம். எழுதினவர் கார்லோ கொல்லோடி, ஃபுளோரன்ஸ்காரர். 15-வது அத்தியாயத்துல தூக்கு. படிச்ச பசங்க விடல, தொடரணும்னு கேட்டாங்க. 1882-ல நீலக் கூந்தல் தேவதை வந்து அவனைக் காப்பாத்த, கதை 36 அத்தியாயம் வரைக்கும் போச்சு. 1883-ல புத்தகமா வந்தது. அவ்ளோதான், மேல போவோம்.

பொய் சொன்னா நீளும்னு சொல்வாங்களே, அந்த மூக்கு? அது முதல் தடவை வளர்றப்போ அவன் வாயே திறக்கல. ஜெப்பெட்டோ செதுக்கச் செதுக்க அதுபாட்டுக்கு நீளுது. பொய்க்காக நீள்றது புத்தகத்துல ஒண்ணு ரெண்டு இடத்துலதான்.

டிஸ்னி படத்துல குடையும் தொப்பியுமா வருமே ஜிம்மினி, அந்தச் சுவர்க்கோழி? புத்தகத்துல அது நூறு வருஷத்துக்கு மேல அந்த வீட்டுச் சுவர்ல இருக்கிற ஜீவன். "தம்பி, பெத்தவங்க பேச்சைக் கேக்காதவன் உருப்பட மாட்டான்"ங்கிற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லுது. பினோக்கியோ கொட்டாப்புளியை எடுத்து வீசுறான். சுவரோட சுவரா ஒட்டிப்போயிடுது. நாலாவது அத்தியாயத்துலயே ஆள் காலி! அப்புறம் ஆவியா வந்தும் புத்தி சொல்லுது பாருங்க, அந்த விடாமுயற்சிக்காகவே எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.

சரி, இந்த வீடியோவே இனிமே சொல்லப்போற விஷயத்துக்காகத்தான். இந்தப் புத்தகத்தை ஓட்டுறது பொய் இல்ல, பசி.

ஜெப்பெட்டோ வீட்டுல ஒரு அடுப்பு எரியுது, மேல பானையில ஆவி பறக்குது. பக்கத்துல போய்ப் பார்த்தா எல்லாம் சுவர்ல வரைஞ்ச ஓவியம்! நெருப்பு, பானை, ஆவி எல்லாமே சாயம். பசியில பினோக்கியோ மூடியைத் திறக்க ஓடுறான், கைக்குச் சுவர்தான் தட்டுப்படுது. குப்பையில ஒரு முட்டை கிடைக்குது. உடைச்சா உள்ளேயிருந்து கோழிக்குஞ்சு வந்து, "ஓட்டை உடைக்கிற வேலையை எனக்கு மிச்சம் பண்ணிட்டீங்க, ரொம்ப நன்றி"ன்னு மரியாதையா சொல்லிட்டுப் பறந்துடுது. ராத்திரி ஊருக்குள்ள பிச்சை கேக்கப் போறான், மாடியிலேருந்து ஒருத்தர் தலையில தண்ணியைக் கொட்டுறார். நனைஞ்ச காலைக் கணப்புச் சட்டி மேல வெச்சுட்டுத் தூங்கிடுறான். மரக்கால்தானே, விடியறதுக்குள்ள ரெண்டு பாதமும் எரிஞ்சு சாம்பல்.

இப்பத்தான் அந்த இடம் வருது. காலையில அப்பா வர்றார். தன் சாப்பாட்டுக்குன்னு வெச்சிருந்த மூணு பேரிக்காயை எடுத்து நீட்டுறார். இவன் தோல் சீவிக் குடுத்தாத்தான் தின்பானாம்! அவர் பொறுமையா சீவிக் குடுக்கிறார். தோலையும் நடுக்கொட்டையையும் தூக்கிப் போடாம மேசை ஓரத்துல வெக்கிறார். மூணு பழமும் முடிஞ்சது, பசி அடங்கல. "வேற ஒண்ணும் இல்லப்பா, இந்தத் தோலும் கொட்டையும்தான் இருக்கு." பையன் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே ஒண்ணை வாயில போடுறான். அப்புறம் இன்னொண்ணு. கடைசியில மேசை காலி. அவர் என்ன சாப்பிட்டார்னு கொல்லோடி எழுதவே இல்ல. இதுக்கு மேல ஒரு அப்பனை எப்படிங்க எழுதுறது?

1940 டிஸ்னி படத்துக்கு வாங்க. அங்க ஜெப்பெட்டோ வீடு முழுக்க அழகழகா கடிகாரம், பூனைக்குட்டி, தங்கமீன். பசியே கிடையாது. பசியை எடுத்துட்டதால பையன் தப்பு பண்றதுக்கு வேற காரணம் வேணும். அதனால மனசாட்சி, சபலம்னு கதை திரும்பிடுச்சு. டிஸ்னி ஆரம்பத்துல வரைஞ்ச பினோக்கியோ ரொம்ப மரக்கட்டையா இருக்கான்னு வேலையையே நிறுத்தி, மில்ட் கால்ங்கிற அனிமேஷன் ஓவியர் திரும்ப வரைஞ்சு, குண்டுக் கன்னமுள்ள சமத்துப் பையனா ஆக்கினார். படம் குறைச்சல்னு சொல்லமாட்டேன். ஊதாரியா ஆட்டம் போடுற பசங்க கழுதையாகிற இடத்துல, பினோக்கியோவோட சேக்காளி லாம்ப்விக் கழுதையா மாறும்போது சுவர்ல நிழலா விழற கை குளம்பா மாறுமே, "அம்மா!"ன்னு கத்துவானே, இப்பப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்குது.

ஆனா அங்க பினோக்கியோவுக்குக் காதும் வாலும் மட்டும்தான் முளைக்கும். புத்தகத்துல முழுக் கழுதை ஆயிடுறான். சர்க்கஸ்ல கால் நொண்டியாகி, தோலை உரிச்சு மேளம் கட்டணும்னு ஒருத்தன் வாங்கி, கல்லைக் கட்டிக் கடல்ல இறக்குறான். மீனுங்க கழுதைச் சதையைத் தின்னுத் தீர்க்க, உள்ளேயிருந்து மரப்பொம்மை வெளிய வருது. அப்புறம் அவனை விழுங்குறது திமிங்கலம் இல்ல, ராட்சசச் சுறா.

அதே சுறா முன்னாடியே விழுங்கியிருந்த அப்பாவை அது வயித்துலேருந்து மீட்டதும் பொம்மை நிஜ மனுஷப் பையனாயிடுவான்னு நினைக்காதீங்க. நோயாளி அப்பாவுக்கு ஒரு டம்ளர் பால் வேணும். தோட்டக்காரர் சொல்றார்: ஏத்தம் சுத்தி நூறு வாளி தண்ணி எறைச்சாப் பால். பேரிக்காய்க்குத் தோல் சீவச் சொன்ன அதே பையன் வேர்க்க விறுவிறுக்கச் சுத்துறான். இதுவரைக்கும் அந்த வேலை செஞ்ச கழுதை தொழுவத்துல பசியாலயும் உழைப்பாலயும் சாகக் கிடக்குது. போய்ப் பார்த்தா, அவனோட சேக்காளி. லாம்ப்விக்! தினமும் அந்தப் பாலுக்காக மாசக்கணக்கா உழைச்சதுக்கு அப்புறம்தான் அவன் மனுஷப் பையன் ஆகிறான். டிஸ்னி இதைத் தொடவே இல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் அதுதான் பெரிய நஷ்டம்.

2022-ல வந்த கில்லெர்மோ தெல் தோரோ படம் ஆஸ்கர் வாங்கினது. முசோலினி காலத்துக்குக் கதையைக் கொண்டு போய், பினோக்கியோவைத் திரும்பத் திரும்பச் சாக விட்டிருக்கார். அந்தத் துணிச்சல் கொல்லோடிக்கு நெருக்கம். ஆனா பசியைப் பிடிச்சது 2019-ல மத்தேயோ கர்ரோனே எடுத்த இத்தாலியப் படம்தான். அதுல ஜெப்பெட்டோ சத்திரத்துக்குப் போய், "மேசை ஆடுது, கதவு சரியில்ல, நான் ரிப்பேர் பண்றேன்"னு நல்லா இருக்கிற சாமானுக்கெல்லாம் குறை கண்டுபிடிப்பார், ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக. நடிச்சது ரொபெர்த்தோ பெனிக்னி. 2002-ல தானே இயக்கி, பினோக்கியோவாவே நடிச்சவர்!

வீட்டுல பசங்களுக்குக் காட்டுறதா இருந்தா முதல்ல பேரிக்காய் அத்தியாயத்தைப் படிச்சுக் காட்டிட்டு, அப்புறம் கர்ரோனே படத்தைப் போடுங்க. சின்னப் பசங்கன்னா கழுதைக் காட்சிக்குப் பக்கத்துலயே உட்காருங்க. நீங்க முதல்ல பார்த்த பினோக்கியோ எது, அதுல எந்தக் காட்சி உங்களைப் பயமுறுத்துச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க. எல்லாத்தையும் படிக்கிறேன்.