அடிக்குறிப்பு போட வேண்டியிருந்த அமைச்சர்

அவையோர்க்கு வணக்கம்.

நேட்டோ நாடுகளின் அமைச்சர்கள் கூடிப் பேசி முடித்தால் ஒரு கூட்டறிக்கை வெளியாகும். 1980களில் வந்த அறிக்கைகளை எடுத்து, ஏவுகணைகளைப் பற்றிய பத்திக்குப் போனால் வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் அடிக்கு இறங்கினால் பொடி எழுத்தில் ஒரு வரி. இந்தப் பத்தியில் டென்மார்க் தன் நிலைப்பாட்டைத் தனியே வைத்துக்கொள்கிறது என்பது அதன் சாரம். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சர். அந்த வரியில் அவருக்கே உடன்பாடு கிடையாது. பெயர் உஃபே எலமன்-யென்சன். அமைச்சராவதற்கு முன் தொலைக்காட்சிச் செய்தியாளர்.

தனக்குப் பிடிக்காததை உலகத்தின் முன் போய்ச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அதே நாற்காலியில் வந்து உட்கார ஒருவரால் எப்படி முடிந்தது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

1941 நவம்பர் 1-ஆம் தேதி, ஃபூன் தீவில் ஹோர்பி என்ற ஊரில் பிறந்தார். தந்தை பத்திரிகை ஆசிரியர். வென்ஸ்த்ர கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அன்றைய டென்மார்க்கில் இது அதிசயமில்லை. ஒவ்வொரு பெரிய ஊரிலும் நான்கு கட்சிகளுக்கு நான்கு நாளிதழ் என்றொரு வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பத்திரிகை அலுவலகத்துக்கும் கட்சி அலுவலகத்துக்கும் நடுவே ஒரு கதவுதான். வென்ஸ்த்ர என்ற சொல்லுக்கு 'இடது' என்று பொருள். கட்சி நிற்பதோ வலது பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருநிலக்காரர்களின் வலதுசாரிக்கு எதிராக விவசாயிகள் தொடங்கிய கட்சி என்பதால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தார். 1967-லிருந்து பெர்லிங்ஸ்க மாலை நாளிதழில் வேலை. 1970-இல் டென்மார்க் வானொலி நிறுவனத்தின் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுக்கு, பொருளாதார அரசியல் செய்தியாளராக வந்தார். ஐந்து வருடம் இருந்தார். கணக்குக்குக் குறைவான காலம்தான். ஆனால் எந்த ஐந்து வருடம் என்று பாருங்கள்.

நாட்டில் அப்போது ஒரே ஒரு தொலைக்காட்சி. இரண்டாவது அலைவரிசை 1988 அக்டோபரில்தான் வந்தது. மாலைச் செய்தியை யார் பார்த்தாலும் அதையே பார்த்தார்கள். 1972 அக்டோபர் 2-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேரலாமா என்று பொது வாக்கெடுப்பு. 63 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். மறு வருடம் எண்ணெய் நெருக்கடி. நவம்பர் கடைசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. அது நடந்துகொண்டிருக்கும்போதே, டிசம்பர் 4-இல் 'நிலநடுக்கத் தேர்தல்'. நாடாளுமன்றத்தில் இருந்த ஐந்து கட்சிகள் ஒரே இரவில் பத்தாயின. வருமான வரியே வேண்டாம் என்று கிளம்பிய வழக்கறிஞர் மோகன்ஸ் கிளிஸ்ட்ரூப்பின் புதுக்கட்சி 28 இடம் பிடித்து இரண்டாவதாக வந்தது. வாக்கெடுப்பு, எண்ணெய், வரி: மூன்றுமே பொருளாதாரச் செய்திகள். நாடு முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பொருளாதாரம் கேட்ட காலம் அது.

தொலைக்காட்சியில் பொருளாதாரம் சொல்வது தனி வித்தை. இரண்டு நிமிடத் துண்டில் ஓர் எண்தான் நிற்கும். இரண்டாவது எண்ணைச் சொன்னதும் முதலாவது மறந்துபோகும். பத்திரிகை என்றால் வாசகர் மேலே போய் மறுபடி படித்துக்கொள்வார். திரையில் அது நடக்காது. அதனால் முடிவை முதலில் சொல்லி, காரணத்தைப் பிறகு சொல்லி, கேட்பவர் வாயில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வாக்கியத்தோடு முடிக்க வேண்டும். எலமன்-யென்சனின் பிற்கால அரசியலைப் பார்த்தால் இந்த மூன்றாவது பழக்கம்தான் அவரை ஏற்றியது, சில நேரம் காலையும் வாரியது என்பது என் கணிப்பு.

1975-இல் பொருளாதார நாளிதழான பெர்சனுக்குத் தலைமை ஆசிரியராகப் போனார். அதிக நாள் நிற்கவில்லை. 1977 பிப்ரவரித் தேர்தலில் தந்தையின் வென்ஸ்த்ர கட்சி சார்பில் நாடாளுமன்றம் வந்தார். அவர் வந்த நேரம், அவர் கட்சி 42 இடத்திலிருந்து 21-க்குச் சரிந்திருந்தது. மூழ்கும் ஓடத்தில் ஏறியவர் என்று அப்போது சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு. அது புரியாவிட்டால் அடிக்குறிப்பு புரியாது. டேனிஷ் நாடாளுமன்றத்தில் 179 இடம்: டென்மார்க்குக்கு 175, ஃபாரோ தீவுகளுக்கு 2, கிரீன்லாந்துக்கு 2. பெரும்பான்மை 90. ஆனால் ஆட்சி அமைக்க 90 பேர் கை தூக்க வேண்டியதில்லை. பெரும்பான்மை எதிராகத் திரண்டு 'நீ வேண்டாம்' என்று சொல்லாத வரைக்கும் ஆளலாம். அதனால் சிறுபான்மை அரசுதான் அங்கே வழக்கம்.

1982 செப்டம்பர் 10-இல் பழமைவாதக் கட்சியின் போல் ஷ்லூட்டர் பிரதமரானார். நான்கு கட்சிக் கூட்டணி. எலமன்-யென்சன் வெளியுறவு அமைச்சர். கடன்பத்திர வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியிருந்த வருடம். விலைவாசியோடு கூலி தானாக ஏறும் முறையை நிறுத்துவது, டேனிஷ் நாணயமான குரோனின் மதிப்பைக் குறைக்காமல் பிடித்து வைப்பது என்ற இரண்டுக்கும் ரடிகல் என்ற நடுநிலைக் கட்சியின் ஆதரவு கிடைத்தது. ஆனால் அந்த ரடிகல்காரர்கள் பரம்பரையாகப் படைக்குறைப்புக்காரர்கள். பணம் என்று வந்தால் அரசோடு, ஏவுகணை என்று வந்தால் எதிர்க்கட்சியோடு. ஒரே அவையில் இரண்டு பெரும்பான்மை.

தகராறு 1979 டிசம்பர் முடிவில் தொடங்குகிறது. சோவியத்தின் புது ஏவுகணைகளுக்குப் பதிலாக மேற்கு ஐரோப்பாவில் 572 ஏவுகணைகளை வைப்பது, கூடவே பேச்சுவார்த்தையும் நடத்துவது என்று நேட்டோ தீர்மானித்தது. 108 பெர்ஷிங், 464 குரூஸ். டென்மார்க் மண்ணில் ஒன்றுகூட வருவதாக இல்லை. அமைதிக் காலத்தில் அணு ஆயுதம் கூடாது என்பது 1957-லிருந்தே அந்நாட்டின் கொள்கை. ஆனாலும் ஏவுதளம் கட்டும் செலவில் டென்மார்க்குக்கும் ஒரு பங்கு இருந்தது. 1982 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பங்கை நிறுத்தச் சொன்னது. ஏவுகணைகளை முழுதாக ஆதரித்த அமைச்சர்தான் அதை பிரஸ்ஸல்ஸில் போய்ச் சொல்ல வேண்டும்.

நடைமுறை இப்படி. எதிர்க்கட்சி ஒரு விளக்க விவாதம் கேட்கும். விவாதத்தின் முடிவில் சில வரியில் ஒரு தீர்மானம் வைக்கப்படும்: 'அரசு இன்னின்னதை எதிர்க்க வேண்டும்'. ரடிகல் கைகள் சேர்ந்ததும் அது நிறைவேறும். வேறு விஷயம் என்றால் பிரதமர் பதவி விலகலாம், தேர்தல் அறிவிக்கலாம். ஷ்லூட்டர் இரண்டையும் செய்யவில்லை. பொருளாதாரத்தை நிமிர்த்தும் வாய்ப்பு போய்விடும் என்பதால், வெளியுறவில் தோற்றால் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை என்று வைத்துக்கொண்டார். 1988 வரை இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தீர்மானங்கள். தீர்மானம் ஒவ்வொன்றும் அமைச்சரின் பையில் ஏறி, நேட்டோ அறிக்கையில் அடிக்குறிப்பாக இறங்கும். கிரீஸும் அடிக்குறிப்பு போட்டது உண்டு. ஆனால் அங்கே அமைச்சரே அதை நம்பினார், இங்கே நம்பவில்லை.

அவர் விலகியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் டென்மார்க்கில் இன்றும் உண்டு. நியாயமான கேள்வி. அவர் அங்கேயே உட்கார்ந்ததால்தான் நாட்டின் கையொப்பத்துக்கு மதிப்புக் குறைந்தது என்று வாதிடலாம். விலகியிருந்தால், அடிக்குறிப்பை மனதார நம்பும் ஒருவர் அந்த இடத்துக்கு வந்திருப்பார் என்றும் வாதிடலாம். எனக்கு முதல் வாதத்தின் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு.

முடிச்சு அவிழ்ந்தது கப்பலில். 1988 ஏப்ரலில் நாடாளுமன்றம் இன்னொரு தீர்மானம் போட்டது: துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு அயல் போர்க்கப்பலுக்கும், இங்கே அணு ஆயுதம் கூடாது என்று அரசு தெரிவிக்க வேண்டும். கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறது என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருப்பதே அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வழக்கம். கடிதத்தை வாங்கினாலே அந்த வழக்கம் உடையும். இந்த முறை ஷ்லூட்டர் மே 10-க்குத் தேர்தல் அறிவித்தார். தேர்தலுக்குப் பிறகு ரடிகல் கட்சியையே அமைச்சரவைக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளே வந்தவர்கள் வெளியே தீர்மானம் போட முடியாதே! அடிக்குறிப்புகள் அதோடு நின்றன.

கை கட்டவிழ்ந்த அமைச்சர் பால்டிக் பக்கம் திரும்பினார். எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் விடுதலை கேட்டபோது பெரிய நாடுகள் சோவியத் தலைவர் கோர்பச்சேவின் மனம் நோகக் கூடாது என்று தயங்கின. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றதும் முதலில் அங்கீகரித்தது ஐஸ்லாந்து. அடுத்து உடனே டென்மார்க். இங்கே ஒரு சொல் நுணுக்கம் உண்டு: தூதரக உறவைத் 'தொடங்குவதாக' டென்மார்க் சொல்லவில்லை, 'மீண்டும் தொடர்வதாக'ச் சொன்னது. தொடங்குவது என்றால் அந்த நாடுகள் இப்போதுதான் பிறந்தன என்றாகிவிடும். தொடர்வது என்றால் 1940-இல் சோவியத் விழுங்கியது செல்லாது என்றாகும். ஒரு வினைச்சொல்லில் ஐம்பது ஆண்டு அடங்கியிருக்கிறது. மறு வருடம் மார்ச்சில் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் கென்ஷரும் அவரும் சேர்ந்து பால்டிக் கடல் நாடுகள் மன்றத்தைக் கோபன்ஹேகனில் தொடங்கினார்கள்.

1992 ஜூன் 2: ஐரோப்பியச் சமூகத்தை ஐரோப்பிய ஒன்றியமாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டேனிஷ் மக்கள் 50.7-க்கு 49.3 என்று நிராகரித்தார்கள். வெளியுறவு அமைச்சருக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டாம். அதே மாதம் 26-ஆம் தேதி, யூகோஸ்லாவியாவை விலக்கியதால் கடைசி நேரத்தில் இடம் கிடைத்த டேனிஷ் கால்பந்து அணி, ஜெர்மனியை 2-0 என்று தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஐரோப்பியச் சமூகத்தின் லிஸ்பன் மாநாட்டில் சிவப்பு வெள்ளை ரசிகர் துண்டோடு நின்ற எலமன்-யென்சன், அவர்களோடு சேர முடியவில்லை என்றால் அவர்களைத் தோற்கடித்துவிடு என்றார். தோற்கடிக்க முடியாவிட்டால் சேர்ந்துகொள் என்ற ஆங்கிலப் பழமொழியைத் தலைகீழாகத் திருப்பிய ஒரு வரி. எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பழைய செய்தியாளர் வேலை செய்தார். அந்த வரி ஒப்பந்தத்தைக் காப்பாற்றவில்லை. டிசம்பரில் எடின்பரோவில் ஒப்பந்தத்திலிருந்து டென்மார்க்குக்கு வாங்கிய நான்கு விலக்குகளும், 1993 மே மாதத்து இரண்டாம் வாக்கெடுப்பில் வந்த 56.7 சதவீதமும்தான் காப்பாற்றின.

ஆனால் அந்த மே மாதத்தில் அவர் அமைச்சர் இல்லை. காரணம் நம்மவர்கள் சம்பந்தப்பட்டது. டேனிஷ் மொழியிலேயே அதன் பெயர் 'தமிழர் வழக்கு'.

1980களின் நடுவில் இலங்கைப் போரிலிருந்து தப்பி ஆயிரக்கணக்கான தமிழர் டென்மார்க் வந்தார்கள். அகதி என்று ஏற்கப்பட்டவர், மனைவி மக்களை அழைத்துக்கொள்வது சட்டப்படி உரிமை. அமைச்சர் மனம் வைத்துக் கொடுக்கும் சலுகை இல்லை. 1987-இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும், இவர்கள் திரும்பிப் போகலாம் என்று நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் கணக்குப் போட்டார். குடும்பம் வந்துவிட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள் அல்லவா? சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் போகவில்லை. தமிழர்களின் விண்ணப்பங்களைக் கட்டின் அடியில் போட்டு வைக்கச் சொன்னார். நிராகரித்தால் மேல்முறையீடு வரும். அடியில் கிடந்தால் மேல்முறையீட்டுக்கும் ஒன்றுமில்லை. அதுதான் அதில் இருந்த சூட்சுமம். விண்ணப்பித்தவருக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்பது மட்டுமே பதில். போர் நடக்கும் ஊரில் குடும்பம் காத்துக்கிடந்தது.

குறைகேள் அதிகாரி 1989-இல் இது சட்டவிரோதம் என்றார். அந்த ஏப்ரலில் பிரதமர் ஷ்லூட்டர் அவையில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். இந்த வாக்கியம் அவரைத் துரத்தியது. உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் விசாரித்து 1993 ஜனவரி 14-இல் அறிக்கை கொடுத்தார். பிரதமர் அவைக்குத் தவறான தகவல் தந்தது அதில் வெளிப்பட்டது. ஷ்லூட்டர் விலகினார். தன் கட்சியின் நிதியமைச்சரிடம் ஆட்சியைக் கைமாற்றிவிடலாம் என்று பார்த்தார். நடுக் கட்சிகள் அணி மாறியதால் சமூக ஜனநாயகக் கட்சியின் போல் நியூரப் ராஸ்முஸன் பிரதமரானார். ஐரோப்பியச் சமூகத்தின் தலைமை ஜனவரி 1-ஆம் தேதிதான் டென்மார்க் கைக்கு வந்திருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த வெளியுறவு அமைச்சர் 25 நாளில் எழுந்தார். நின்-ஹான்சனை அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் 1995 ஜூனில் குற்றவாளி என்றது. நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத் தண்டனை. அந்த நீதிமன்றம் அதற்கு முன் கடைசியாகக் கூடியது 1910-இல்.

எலமன்-யென்சன் அந்த உத்தரவைப் போட்டவர் இல்லை. அது அவர் துறையும் இல்லை. ஆனால் அதே அமைச்சரவையில் இருந்தவர். ஹெர்னிங்கிலும் பிரான்டேயிலும் இன்று கோயில் கட்டி வாழும் நம்மவர்கள் அந்த அரசை நினைத்தால், பால்டிக் விடுதலையை முதலில் நினைக்க மாட்டார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். கட்சித் தலைவராக, 1987-இல் 19 இடம் இருந்த வென்ஸ்த்ரவை 1994-இல் 42-க்குக் கொண்டுவந்தார். 1995-இல் நேட்டோ பொதுச்செயலாளர் பதவிக்கு நின்றார். பிரான்ஸ் வேண்டாம் என்றது, ஸ்பெயினின் சொலானாவுக்குப் போனது. 1998 மார்ச் 11 தேர்தலில் பிரதமர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டென்மார்க்கின் வாக்குகளை எண்ணி முடித்த பிறகும் விடை தெரியாமல், ஃபாரோ தீவுகளின் சொற்ப வாக்குகளில் போய் நின்றது. 90-க்கு 89 என்று நியூரப் தப்பினார். எலமன்-யென்சன் கட்சித் தலைமையை விட்டார்.

2022 ஜூன் 18-இல் எண்பது வயதில் காலமானார். மகள் காரனும் மகன் யாகோப்பும் அதே கட்சியில் அமைச்சர் பதவி வகித்தவர்கள். தந்தை இறந்த ஆறாவது மாதம் யாகோப் பாதுகாப்பு அமைச்சரானார், அதுவும் பெரும்பான்மை உள்ள ஓர் அரசில். தந்தை அமைச்சராக இருந்த பத்தாண்டுக்கும் மேலான காலத்தில் ஒரு நாள்கூட அப்படி ஓர் அரசில் உட்கார்ந்ததில்லை.